இருபதடி டீச்சர்

காசு வாங்காமல் செய்கிற வேலைக்குத்தான் திட்டு அதிகமாக விழும். சம்பளத்துக்குச் செய்தால் திட்டுகிறவர் முதலாளி ஒருவர்தான். சும்மா செய்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் திட்டலாம். இந்த உண்மையை நான் செஞ்சியில், எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பல வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்தேன். (ஆராய்ச்சிக்கும் காசு வரவில்லை.)

கணினியை ஓட்டுகிற லினக்ஸ் என்ற ஒன்று இருக்கிறது. அது உள்ளே இருந்துகொண்டு வேலை செய்யும், கண்ணுக்குத் தெரியாது. நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மேலே இருக்கும் தோற்றம்தான்: கீழே ஒரு பட்டை, மூலையில் கடிகாரம், திறந்து மூடுகிற கட்டங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சின்னப் படம். இந்தத் தோற்றம் மொத்தத்துக்கும் டெஸ்க்டாப் என்று பெயர். அப்படிப்பட்ட டெஸ்க்டாப் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, 'வாசல்' என்று பெயரிட்டு, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆனது. "இனி இதை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வைத்துவிட்டுக் காணாமல் போனார். யாராவது என்று யார் சொன்னாலும் எனக்குக் கை தானாக மேலே போய்விடும். அப்படித்தான் வாசலுக்கு நான் பொறுப்பாளர் ஆனேன். ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பாதி நாள் வேலை செய்வேன், அது சோற்றுக்கு. மீதி நாள் முழுக்க வாசல்.

இதை நைனாவுக்கு விளக்க ஒருநாள் முயன்றேன். நைனா என்றால் எங்கள் அப்பா, ஊரில் நெல் மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளை.

"இன்னா பண்ற நீ, மாடில உக்காந்துக்கினு?"

"ஒரு டெஸ்க்டாப்ப பாத்துக்கறேன் நைனா. யார் வேணா எடுத்து யூஸ் பண்ணலாம்."

"எவ்ளோ குடுப்பாங்க?"

"எதுவும் குடுக்க மாட்டாங்க. ஃப்ரீ."

"ரிப்பேர் ஆனா?"

"நான்தான் சரி பண்ணணும்."

"அதுக்கு?"

"அதுவும் ஃப்ரீ."

நைனா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். "சரி, யாராச்சும் யூஸ் பண்றாங்களா?" என்றார். உலகம் முழுக்கப் பண்ணுகிறார்கள் என்றேன். "நம்மூர்ல?" என்றார். ஒருவர்கூட இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து உறவுக்காரர் யாராவது நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், நைனா பேச்சை மழைக்குக் கொண்டுபோய்விடுவார்.

அதனால்தான் என் அண்ணன் சேகரைப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், திறப்பு விழா என்று செஞ்சியில் யார் எதைக் கொண்டாடினாலும் பேனர் அவன் கடையில்தான் உருவாகும். அவன் வடிவமைத்து அனுப்புவான், திண்டிவனத்தில் இருக்கிற பெரிய மிஷினில் அச்சடித்து, சுருட்டி, பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். கடையில் இருந்தது ஒரு கிழட்டுக் கணினி. அதில் வைரஸ் இல்லாத இடமே இல்லை என்பதால் அண்ணன் வேறு வழியில்லாமல் வாசலுக்குச் சம்மதித்தான்.

முதல் வாரமே புகார். "ஒவ்வொரு சின்ன படமும் வர்றதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன் கலை. உன்னுது ஓடுதா தூங்குதா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேனர் கோப்புகள் பெரியவை. ஒவ்வொரு தடவையும் அவற்றைத் திறந்து சின்னப் படம் தயாரிப்பதால்தான் தாமதம். நான் ஒரு தந்திரம் செய்தேன். ஒரு கோப்புக்கு ஒரு தடவை சின்னப் படம் தயாரித்தால் போதும், அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதே பெயரில் கோப்பு இருக்கும்வரை அதையே காட்டலாம். அடுத்த பதிப்பில் இதைச் சேர்த்தேன். அண்ணன் கடையில் தட்டியதும் படங்கள் பொலபொலவென்று வந்து நின்றன.

"பரவால்ல கலை, நல்லாத்தான் செஞ்சிக்கிற" என்றான். எங்கள் வீட்டில் வாசலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பதிப்பு உலகத்துக்கும் போனது. சில மாதம் கழித்து ஒரு புகார் வந்தது. எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. அவருடைய புனைபெயருக்கு மீன்கொத்தி என்று பொருள். "ஒரு கோப்பின் மேலேயே புதிதாக எதையாவது சேமித்தால், உள்ளே மாறிவிடுகிறது. வெளியே தெரியும் சின்னப் படம் பழையதாகவே இருக்கிறது" என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

எங்கள் உலகத்தில் புகார்களுக்கென்று ஒரு பலகை உண்டு. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். மூடுகிற அதிகாரம் மட்டும் பொறுப்பாளருக்கு. ஒரு புகாரை மூடுகிற ஆனந்தம் இருக்கிறதே, அது பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படி விளக்கை அணைப்பது மாதிரி. அந்த ஆனந்தத்துக்கு நான் அடிமையாகியிருந்த காலம் அது. என் கணினியில் சோதித்துப் பார்த்தேன். நான் எதையும் புதுப் பெயரில்தான் சேமிப்பேன், சோதித்தபோதும் கை பழக்கத்தில் புதுப் பெயரே கொடுத்தது. "என் கணினியில் அப்படி நடக்கவில்லை" என்று எழுதி மூடினேன்.

மீன்கொத்தி மறுபடி திறந்தார். இந்தத் தடவை ஒரு வீடியோவும் வைத்திருந்தார். நான் வீடியோவைப் பார்க்கவில்லை. (பார்க்க எங்கே நேரம்? புகார் மூடவே நேரம் போதவில்லை.) "ஒரே பெயரின் மேல் திரும்பத் திரும்பச் சேமிப்பது நல்ல பழக்கம் அல்ல. அப்படி யார் வேலை செய்கிறார்கள்?" என்று எழுதி, இன்னும் அழுத்தமாக மூடினேன்.

அப்படி வேலை செய்கிற ஆள் அப்போது என் எதிரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கோப்புப் பெயர்தான் தெரியும்: 'ஃபைனல்'. செய்துகொண்டிருக்கிற வேலை எதுவானாலும் அது ஃபைனல். அது முடிந்தால் அதை அழித்துவிட்டு, அடுத்த வேலைக்கும் அதே பெயரை வைப்பான். முடிந்தவற்றில் நல்லதாக இருப்பதை மட்டும் பத்திரமாக வேறு இடத்தில் வைப்பான், அடுத்தவருக்கு மாதிரியாகக் காட்டுவதற்கு. அதோடு எங்கள் ஊர் கரண்ட்டைப் பற்றி அவனுக்கு ஆழமான அவநம்பிக்கை. பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டேகூட அவன் இடது கை சேமித்துக்கொண்டே இருக்கும். அது அவனுக்கே தெரியாது.

இந்த நிலையில்தான் நைனாவின் முதலாளி தனகோட்டிக்கு அறுபது முடிந்து மணிவிழா வந்தது. முதலாளிக்கு எதையும் திண்டிவனத்தில் கொடுத்துச் செய்துதான் பழக்கம். நைனா அவரிடம் போய், "நம்ம சேகரு கடையிலயே பேனர் போட்டுக்கலாங்க. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளின் கனம் வெளியாட்களுக்குப் புரியாது. நைனா அந்த மண்டியில் வேலை செய்த காலம் முழுக்க எதற்கும் பொறுப்பு என்று சொன்னதில்லை. மூட்டை குறைந்தால் எடை போட்டவர் பொறுப்பு. லாரி தாமதமானால் டிரைவர் பொறுப்பு. மழை பெய்தால் கடவுள் பொறுப்பு. யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் வேலையை விட்டு இறங்க வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கையில் வைத்திருந்த ஒரே ஆசை. அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

அண்ணனும் உயிரைக் கொடுத்துச் செய்தான். இருபதடி பேனர். முதலாளியும் அவர் மனைவி சரோஜா அம்மாவும் மாலையும் கழுத்துமாக, மேலே கொட்டை எழுத்தில் 'மீண்டும் மணக்கோலம் காணும் தம்பதியர்'. எல்லாம் முடித்தபின்தான் கோப்பை முதல் தடவை வெளியே பார்த்தான், சின்னப் படம் அப்படியே வந்து நின்றது. போனில் படம் அனுப்பி ஒப்புதலும் வாங்கியாயிற்று. அச்சுக்கு அனுப்புகிற மாலையில் சரோஜா அம்மாவிடமிருந்து போன்.

"தம்பி, அந்த போட்டோல நான் ரொம்ப எளச்ச மாதிரி இருக்குது. பச்சை பட்டுல ஒண்ணு எடுத்தோம். பையன் அனுப்புவான், அத போட்டுடு."

அண்ணன் மொத்தத்தையும் வேறு மாதிரியாகச் செய்யலாம் என்று, பத்திரமாக வைத்திருந்த ஒரு பழைய மணிவிழா பேனரை எடுத்து, திறந்திருந்த 'ஃபைனல்' மேலேயே போட்டான். அது தொண்டூர் வசந்தா டீச்சருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் போன வருடம் செய்தது. டீச்சர் செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள், நானும்தான். அண்ணன் அதில் டீச்சரின் கணவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முதலாளியை உட்கார வைத்தான். பேரையும் மாற்றினான். பச்சைப் பட்டு வந்ததும் டீச்சரை எடுத்துவிட்டு சரோஜா அம்மாவை வைக்க வேண்டும். பச்சைப் பட்டுக்காகக் காத்திருந்தோம். நான் சும்மா கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுபடியும் போன். "அவன் போட்டோ அனுப்பற மாதிரி தெரியல தம்பி. வுடு, பழசே இருக்கட்டும்."

அண்ணன் எல்லாவற்றையும் மூடினான். திரையில் 'ஃபைனல்' இருந்தது. அதன் சின்னப் படத்தில் முதலாளியும் சரோஜா அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

"கலை, நடுவுல நான் சேவ் பண்ணேனா இல்லியான்னு டவுட்டா இருக்குது. ஒருவாட்டி தொறந்து பாத்துரவா?"

கோப்பு திறக்க நேரம் பிடிக்கும். திண்டிவனத்தில் மிஷினை நிறுத்துகிற நேரம் நெருங்கிவிட்டது. அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். என் வாழ்க்கையில் வேறு எத்தனையோ முட்டாள்தனங்கள் பேசியிருக்கிறேன், ஆனால் எதையும் இவ்வளவு கம்பீரமாகப் பேசியதில்லை.

"எதுக்குண்ணா? அதான் வெளியவே தெரியுதே. வாசல் பொய் சொல்லாது."

அண்ணன் அனுப்பிவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் சுருள் பஸ்ஸில் வந்தது. பேனருக்கு மரச்சட்டம் கட்டுகிற பாஷா பாய் பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கிக்கொண்டு போய், திருவண்ணாமலை சாலையில் இருக்கிற மண்டபத்தின் முன்னால் கட்டி நிறுத்திவிட்டு, அடுத்த வேலைக்காக ஏணியோடு மேல்மலையனூர் கிளம்பிவிட்டார். அண்ணனும் நானும் சாவகாசமாகக் குளித்து, பட்டு உடுத்தி, பூ வைத்து, (பூ நான் மட்டும்) மண்டபத்துக்குப் போனோம்.

அந்த மண்டபத்து வாசலில் நின்றால் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். அன்று மலை தெரியவில்லை. வசந்தா டீச்சர் தெரிந்தார்.

இருபதடி அகலத்தில், மாலையோடு, வெட்கச் சிரிப்போடு, தனகோட்டி முதலாளியின் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மேலே 'மீண்டும் மணக்கோலம் காணும் தம்பதியர்'. கீழே 'தனகோட்டி – சரோஜா'. வந்துகொண்டிருந்த விருந்தாளிகள் அண்ணாந்து பார்த்தார்கள். டீச்சரிடம் படித்தவர்கள் முதலில் கையைக் கட்டிக்கொண்டார்கள், அப்புறம்தான் சிரித்தார்கள்.

பேனருக்கு நேர் கீழே, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நைனா நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் பன்னீர்ச் சொம்பு. வருகிற ஒவ்வொருவருக்கும் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வா கலை. எல்லாரும் இன்னா சிரிச்ச மொகமா வர்றாங்க பாத்தியா? பேனர் எப்புடி, நல்லா வந்துக்குதா? எனக்கு இன்னும் திரும்பிப் பாக்கக்கூட நேரம் இல்ல."

நான் "வந்துக்குது நைனா" என்றேன்.

சாதாரண மனுஷி என்ன செய்திருப்பாள்? பேனரை இறக்க ஆள் தேடியிருப்பாள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தேன். (மணிவிழாவுக்கும் மடிக்கணினியோடு போகிற ஜென்மம்.) எங்கள் தொழிலில் பிழையைப் பார்த்தால் அதை மறுபடியும் நிகழ்த்திப் பார்க்காமல் கை அடங்காது. ஒரு படத்தைச் சேமித்தேன். அதே பெயரில் அதன் மேல் இன்னொன்றைச் சேமித்தேன். சின்னப் படம் மாறவில்லை. மறுபடி செய்தேன். மாறவில்லை.

"அண்ணா, நடக்குதுண்ணா. என் கம்ப்யூட்டர்லயும் நடக்குது" என்றேன். உள்ளபடியே எனக்குச் சந்தோஷம்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகப் பேசினான். "தலைக்கு மேல இருபதடிக்கு நடக்குது. நீ மடில வெச்சி பாத்துக்கினு இருக்கிற. மூடிட்டு எழுந்துரு."

பாஷா பாய்க்குப் போன் போட்டோம். "எனக்கு குடுத்தத நான் கட்டுனேன் தம்பி. பக்கத்துல இருக்கறது சம்சாரமா இல்லியான்னு நான் எப்புடி கேக்கறது?" என்றார். நியாயம்தான். ஏணி மேல்மலையனூரில் இருந்தது. அண்ணன் சாப்பாட்டு மேசை விரிப்பு ஒன்றை உருவிக்கொண்டு வந்து, நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறி, எக்கி டீச்சரின் மேல் கட்டினான். விரிப்பு முகத்துக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. இப்போது முதலாளி, முகத்தை மறைத்துக்கொண்டு வந்த யாரோ ஒரு பெண்மணியோடு ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்வது போல ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது.

முதலாளி இறங்கினார். பேனரைப் பார்த்தார். மேளக்காரர்கள் எதையோ உணர்ந்து நிறுத்திவிட்டார்கள்.

"கணக்குப்பிள்ள" என்றார் முதலாளி. குரல் உயரவில்லை.

நைனா பன்னீர்ச் சொம்போடு ஓடி வந்தார். முதலாளி கையை மேலே காட்டினார். நைனா அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். காற்றுக்கு விரிப்பின் ஒரு பக்கம் அவிழ்ந்து, டீச்சரின் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் வெளியே வந்தன. நைனாவின் கையில் இருந்த சொம்பு சாய்ந்து பன்னீர் மொத்தமும் அவர் காலிலேயே கொட்டியது.  நான் பார்த்துக்கொள்கிற டெஸ்க்டாப்பை நம்பி அண்ணன் கெட்டான், அண்ணனை நம்பி நைனா கெட்டார். வரிசையாக நம்பிக்கொண்டே வந்தவர்களில் கடைசியில் நின்றவர் அவர்.

"நான் பொறுப்புன்னு சொன்னல்ல நீ?" என்றார் முதலாளி.

"சொன்னேங்க."

"நாளையிலேர்ந்து மண்டிக்கு வர வேணாம்."

நைனா சரி என்று தலையாட்டினார்.  

காரின் மறுபக்கத்திலிருந்து சரோஜா அம்மா நிதானமாக இறங்கினார். "அந்தத் துணிய எடுங்க மொதல்ல. அந்தம்மாவ எதுக்கு மூடி வெச்சிக்கிறீங்க?" என்றார். அண்ணன் இழுத்தான், விரிப்பு கீழே விழுந்தது. சரோஜா அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார்.

"அட, நம்ம வசந்தா. பொடவ நல்லாக்குது. யாரு செஞ்ச வேல இது?"

என் கை தானாக மேலே போனது. முன்பே சொன்னேனே, அது வியாதி.

"நாந்தாங்கம்மா. எங்க நைனா மேல தப்பு இல்ல. அது வந்து, கம்ப்யூட்டர்ல ஒரு படத்து மேலயே இன்னொரு படத்த வெச்சா, உள்ள மாறிடுது. ஆனா வெளிய தெரியற சின்ன படம் மட்டும் பழசாவே இருக்குது. அத பாத்து நல்லாத்தான் இருக்குதுன்னு நம்பி அனுப்பிட்டோம்."

"உள்ள ஆளு மாறிடுது. வெளிய பழைய படமே தெரியுது. அத நம்பி ஏமாந்துட்டீங்க. அப்புடித்தான?"

"ஆமாங்கம்மா."

"இது எங்க வூட்லயும் ரொம்ப வருசமா நடக்குது" என்றார் சரோஜா அம்மா, முதலாளியைப் பார்த்துக்கொண்டே. "பொண்ணு பாக்க வந்தப்ப பாத்த படத்தயேதான் நானும் இன்னும் வெச்சிக்கினு இருக்கறேன்."

கூட்டத்தில் முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. தவில்காரர் என்று அண்ணன் சொல்கிறான். முதலாளி சிரிக்கவில்லை. "சரோஜா, நீ சும்மா இரு. கணக்குப்பிள்ள வெளிய போவட்டும், பேனர கிழிச்சி எறிங்க" என்றார்.

"இப்ப நான் மேடைக்கு வரணுமா, வேணாமா?" என்றார் சரோஜா அம்மா.

முதலாளி விழித்தார்.

"நான் வந்து கழுத்த நீட்டுனாத்தான உங்களுக்கு மணிவிழா? கணக்குப்பிள்ள நாளைக்கு மண்டில இருக்கணும். பேனரு சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கணும். இல்லன்னா வசந்தாவயே கூப்ட்டு கட்டிக்கங்க."

முதலாளி ராஜகிரியை, வானத்தை, தன் செருப்பை, எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம் மேளக்காரர்களைப் பார்த்து, "வாசிங்கய்யா" என்றார்.

வசந்தா டீச்சரும் அழைப்பின் பேரில் வந்தார், முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், கணவரோடு, தொண்டூர் பஸ்ஸில். பேனர் முன்னால் நின்று நன்றாகப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர், "என்னிய மட்டும் எங்க காணோம்?" என்று கேட்டார். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். போய் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அஞ்சாங்கிளாஸ்லயும் நீ திருப்பிப் பாக்காமத்தான் பேப்பர குடுப்ப" என்றார். அவ்வளவுதான். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் பாயசம் மிச்சம் வைத்ததையும் கண்டித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மீன்கொத்தியின் புகாரைத் திறந்தேன். முதல் தடவையாக வீடியோவைப் பார்த்தேன். நான் மண்டபத்தில் செய்ததையேதான் மனிதர் பொறுமையாகச் செய்து காட்டியிருந்தார். "மன்னிக்கவும். என் கணினியிலும் நடக்கிறது" என்று எழுதினேன். எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். நடந்ததை எழுதினேன்.  அப்புறம், "அந்த இரண்டு அம்மாக்களும் நலமா?" என்று ஒரு வரி வந்தது. பிழையைச் சரி செய்ய வேண்டியிருந்ததும் கிட்டத்தட்ட ஒரு வரிதான்: சின்னப் படத்தைக் காட்டுவதற்கு முன், கோப்பு நடுவில் மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பை வெளியிடும் முன்னும் வாசலைச் சில சோதனைகளுக்கு உட்படுத்துவோம். அவற்றில் ஒன்றின் பெயர் இன்றும் 'மணிவிழா'. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள், என்ன ஏது என்று தெரியாமல், "மணிவிழா சரியாக முடிந்தது" என்று எழுதி அனுப்புகிறார்கள்.

அண்ணன் கடையில் இப்போது கணவன் மட்டும் வந்து பேனரைச் சரி பார்த்துவிட்டுப் போக முடியாது. சம்சாரமும் நேரில் வர வேண்டும். "சின்ன படம் லேட்டா வருது கலை, முன்ன மாதிரி இல்ல" என்று இப்போதும் அவன் குறை சொல்கிறான். அதை மூட எனக்குத் தைரியம் இல்லை.

நைனா மறுநாளே மண்டிக்குப் போனார். என்னிடம் மட்டும் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், தட்டை வைத்துவிட்டுப் போனார். நானும் பேச்சுக் கொடுக்கப் பயந்து மாடியிலேயே கிடந்தேன். வாசலைத் திறக்கவே இல்லை. இதை வேறு யார் கையிலாவது கொடுத்துவிடலாம் என்று 'இனி யாராவது' வரை எழுதிப் பார்த்தேன். மேலே எழுத முடியவில்லை.

பேனர் என்ன ஆனது என்று நான் யாரையும் கேட்கவில்லை. மண்டிக்காரர்கள் எந்த பேனரையும் எறிய மாட்டார்கள் என்பதை யோசித்திருக்க வேண்டும். நெல் மூட்டை மேல் போட அதைவிட நல்ல படுதா கிடையாது. சரோஜா அம்மாவே ஆள் வைத்துச் சுருட்டி மண்டிக்கு அனுப்பியிருக்கிறார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. நைனா தொப்பலாக நனைந்து வீடு வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்து, என் அறைக் கதவருகே நின்றார். மணிவிழாவுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"லாரியே வரல. மொத்த நெல்லும் வெளிய கெடக்குது. டீச்சர் மட்டும் இல்லன்னா இன்னைக்கு எல்லாம் போயிருக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த டீச்சர் நைனா?"

"நம்ம டீச்சருதான். இருபதடி. மேகம் கட்டுனா போதும், மூட்ட தூக்கறவங்க 'டீச்சர எடுத்தா, டீச்சர எடுத்தா'ன்னு ஓடுறானுங்க. மொதலாளி மூஞ்ச உள்பக்கமா மடிச்சி போட்டுடுவோம். டீச்சருதான் மேல படுத்துக்கினு மொத்த மழையும் வாங்கறாங்க." நைனா துண்டை உதறினார். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆனது. "ஒரு சொட்டு எறங்கல கலை."

நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். 'இனி யாராவது' என்று எழுதியிருந்ததை அன்றே அழித்தேன்.

எங்கள் வீட்டில் மாடியில் துணி காயும்போது தூறல் விழுந்தால், இப்போதும் யாராவது ஒருவர் "டீச்சர எடுத்தா" என்று குரல் கொடுப்பார்கள். நான் மாடியில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று உறவுக்காரர் யாராவது கேட்டால், நைனா இப்போதும் மழையைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் பேச்சை மாற்றுவதற்காக இல்லை.

"கம்ப்யூட்டர்ல என்னவோ பண்றா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொள்கிறார். "எங்க மண்டில நெல்லு நனையறதில்ல."